மாட்டைக் கொடுத்து வாங்கிய வெடி

என் வாழ்நாளில் ஒரே ஒரு எஞ்சினைத்தான் முழுதாகப் பிரித்து முழுதாக மாட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கக்கூட என்னை விடுவதில்லை. மிக்சி நின்றுபோனால் என் பேத்தி முதலில் என்னை அந்த இடத்தைவிட்டு வெளியேற்றுகிறாள், பிறகுதான் பிளக்கைப் பார்க்கிறாள். (அவளுக்கு வயது ஒன்பது. சம்பவம் நடந்தபோது அவள் அம்மாவே பிறக்கவில்லை. நிலம் நீச்செல்லாம் கைமாறிப் போனாலும் அவமானம் மட்டும் பத்திரமாக அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.)

அறுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. மதுரையில் ஒரு மோட்டார் பட்டறையில் பத்து மாதம் தொழில் பழகிவிட்டு, உத்தரகோசமங்கைக்கு மேற்கே இரண்டு மைலில் இருந்த எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். தொழில் பழகினேன் என்பது கொஞ்சம் தாராளமான பேச்சு. பத்து மாதமும் மற்றவர்கள் கழற்றிப் போட்ட சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் சட்டைப் பையில் ஒரு ஸ்பானர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாலு பேர் பார்க்கட்டும் என்று நான்தான் அப்படி வைத்திருந்தேன்.

அப்போது வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்திய காண்ட்ராக்டர் ஒருவரின் கொட்டகையில் யுத்த காலத்துக் கார் ஒன்று செத்துக் கிடந்தது. உப்புக் காற்றில் துருப்பிடித்து, பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. (எந்தக் கம்பெனிக் கார் என்பது வேண்டாம். கார் மேல் தப்பில்லை என்பது போகப் போகத் தெரியும்.) காண்ட்ராக்டருக்கு உப்பு வண்டி இழுக்க நல்ல ஜோடி மாடு தேவைப்பட்டது. எங்கள் கொட்டிலில் மயிலையும் செவலையும் நின்றன. மாட்டைக் கொடுத்தால் காரைத் தருவதாக அவர் சொன்னார். எனக்கு அன்று முதல் தூக்கம் போய்விட்டது. ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தை ஏர்வாடி தர்காவுக்கும் உத்தரகோசமங்கை கோயிலுக்கும் ஏற்றிக்கொண்டு பறப்பது போலக் கனவாக வந்தது.

அய்யாவிடம், "காரு சும்மா நின்னா வைக்கோல் திங்காதுய்யா" என்று எடுத்துச் சொன்னேன்.

"மாடு சும்மா நின்னாலும் சாணி போடும்லே. காரு என்னத்தைப் போடும்?" என்றார்.

அதற்குப் பதில் என்னிடம் இல்லாததால் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். (அடுப்படியில் அம்மா ரகசியமாகப் போட்ட சோறு கணக்கில் வராது.) நான்காம் நாள் அய்யா இறங்கி வந்தார். அவ்வருஷ உழவும் விதைப்பும் முடிந்திருந்தன. சித்திரையில் கோடை உழவு வருவதற்குள், நான் காரை ஓட்டி வேறு ஒரு ஜோடி மாடு பிடித்துத் தர வேண்டும்.

"காடு கரம்பாக் கெடந்தா ஊர்ல ஒருத்தன் மொகத்துல முழிக்க முடியாதுலே. அம்புட்டுத்தான் சொல்லுவேன்" என்றார்.

எங்கள் மாடுகள்தான் அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து கொட்டிலில் விட்டன. விட்ட கையோடு காண்ட்ராக்டரின் ஆள் அவற்றை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனான். மறுநாள் விடிந்ததும் அய்யா வழக்கம்போல ஒரு கட்டு வைக்கோலைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு வந்து, காரைப் பார்த்து நின்று, வைக்கோலை அதன் பானெட்டின் மேல் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஒரு வாரம் தினமும் இது நடந்தது. அப்போதே எனக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். நானோ வைக்கோல் தூசி கார்புரேட்டருக்கு ஆகாது என்று அவருக்குப் பாடம் நடத்தினேன்.

இரண்டரை மாதம் எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை செய்தேன். நான்கு பிளக்குகளும் தீப்பொறி விட வேண்டிய வரிசை மறந்துவிடக் கூடாதென்று கொட்டில் சுவரில் கரியால் ஒன்று, மூன்று, நாலு, இரண்டு என்று எழுதி வைத்தேன். அம்மா அதை ஏதோ மந்திரச் சக்கரம் என்று நினைத்து அந்தச் சுவருக்கும் ஊதுபத்தி காட்டினாள். கடைசியில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது ஒரு நட்டும் இரண்டு வாஷரும் மிச்சம் வந்தன. மிச்சம் வந்தால் சிக்கனம் என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அது மார்கழித் திருவாதிரை முடிந்த சமயம். உத்தரகோசமங்கையில் வருஷம் முழுதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிற நடராஜருக்கு அந்த ஒரு நாள்தான் சந்தனம் களைவார்கள். களைந்த சந்தனம் பிரசாதம். கூட்டத்தில் இடிபட்டு எலுமிச்சங்காய் அளவு உருண்டை வாங்கி வந்திருந்தாள் அம்மா.

"எஞ்சினுக்கு நெத்தி எங்கன இருக்கு? அங்கன ஒரு பொட்டு வைச்சுட்டு எடு" என்றாள்.

நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரைக் காட்டினேன். பேட்டரியிலிருந்து வருகிற மின்சாரத்தை நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்து அனுப்புகிற சாமான் அது. தலையில் கருப்பாக ஒரு மூடி, அதிலிருந்து கொண்டை போல ஐந்து வயர். நெற்றி என்று சொல்ல எஞ்சினில் வேறு இடம் கிடையாது. சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, ஒரு பொட்டு போதுமா என்ற சந்தேகத்தில் நன்றாகவே வைத்துவிட்டு, காரின் முன்பக்கத் துவாரத்தில் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன்.

டமார்!

காரோடு இலவசமாக வந்த கோழி அன்று கொட்டிலை விட்டுப் பறந்ததுதான், முட்டைகளைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சின் ஓடியது, ஆனால் ஓட ஓட வெடித்தது. ஒரு வெடி கார்புரேட்டர் வாய் வழியாக, அடுத்தது சைலன்சர் வழியாக. அய்யா தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இங்கேதான் என் மேதாவிலாசம் ஆரம்பமாகிறது. பெட்ரோல் குறைந்து காற்று அதிகமானால் வெடிக்கும் என்று பட்டறையில் கேட்டிருந்தேன். இரண்டையும் கலக்கிற கார்புரேட்டரைக் கழற்றி, ஊசித் துவாரங்களை வாயால் ஊதி, நான்கு நாள் சோற்றில் பெட்ரோல் வாடையோடு திரிந்தேன். வெடி நிற்கவில்லை. வால்வு சரியாக மூடாவிட்டாலும் வெடிக்கும் என்று ஹெட்டைக் கழற்றி வால்வுகளை மறுபடி தேய்த்தேன். நிற்கவில்லை. தீப்பொறி விழுகிற நேரம், அதாவது டைமிங், தப்பியிருக்கும் என்று டிஸ்ட்ரிபியூட்டரை இடப்பக்கம் திருப்பினேன், வலப்பக்கம் திருப்பினேன். உள்ளே பாயிண்ட் தேய்ந்திருக்குமோ என்று அந்த மூடியையும் எடுத்துப் பார்த்தேன். மேலே இருந்த சந்தனம் உதிராதபடி, பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையால் தூக்கி, பார்த்துவிட்டு, அப்படியே வைத்தேன். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது.

இதில் ஒரு விசித்திரம், காலையில் வெடிக்கிற கார் மத்தியானம் சமத்தாக ஓடும். மறுநாள் காலையில் மறுபடி டமார். எஞ்சினுக்குப் பனி ஆகவில்லை என்று முடிவு கட்டி அய்யாவின் கம்பளியை எடுத்துப் போர்த்தினேன். கம்பளி நாறியதே தவிர வெடி குறையவில்லை. மனிதனால் ஆவதெல்லாம் செய்தாகிவிட்டது, இனி தெய்வம்தான் என்று தினமும் காலையில் பன்னீரில் குழைத்துப் புதுச் சந்தனம் வைத்துவிட்டுத்தான் ஹாண்டிலைத் தொட்டேன். வெடி அதிகமாக ஆக என் பக்தியும் அதிகமாயிற்று. பிரசாதம் தீரும்போல இருந்ததும் வீட்டில் சந்தனம் இழைத்து, அதில் பிரசாதத்தைத் துளித்துளியாகக் கலந்து கொண்டேன்.

ஏர்வாடி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காதர் பாய் ஒருநாள் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். அய்யாவுக்கு நெடுநாள் சிநேகிதர். பானெட்டைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் ஒரு இடத்தில் பார்வையை நிறுத்தி, நிமிர்ந்து, பக்கத்தில் கும்பிட்ட கையோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் கழட்டி நல்லாத் தொடச்சு மாட்டுங்க தம்பி. எல்லாத்தையும்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பத்து மாதமாகத் துடைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாதவனிடம் வந்து துடைக்கச் சொல்கிறார்! ஆனாலும் துடைத்தேன். பிளக், வயர், தொட்டி, குழாய் ஒன்று பாக்கியில்லை. மறுநாளும் டமார்.

ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு திருவிழா வந்தது. பக்கத்து ஊர் மளிகைக்கடை ராவுத்தர், அய்யாவின் முகத்துக்காக, தன் மனைவியையும் வயதான தாயாரையும் கூட்டிக்கொண்டு என் காரிலேயே வருவதாகச் சொன்னார். முதல் சவாரி. இது நன்றாக நடந்தால் திருவிழா முடியும்வரை ஆள் வந்துகொண்டே இருக்கும், சித்திரைக்குள் கொட்டிலில் மாடு நிற்கும். முதல் நாள் மத்தியானம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு வெடிகூட இல்லை. நோய் தீர்ந்தது என்று துள்ளிக் குதித்தேன். நன்றிக்கடனாக மறுநாள் காலையில் மூடி முழுக்க, வயர் இடுக்கெல்லாம் வழிய வழியச் சந்தனம் சாத்தினேன்.

அய்யா வெள்ளை வேட்டி கட்டி முன் சீட்டில் ஏறினார். தன் மாடுகள் என்னவாக மாறியிருக்கின்றன என்று பார்க்க ஆசை. ராவுத்தர் குடும்பம் பின்னால். ஊர் எல்லை தாண்டும்வரை பொறுத்திருந்து, அதற்கப்புறம் ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் பெரிய தலை ஏதாவது சாய்ந்தால் வேட்டுப் போடுவார்கள். சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நான் போன வழியெல்லாம் வேட்டுப் போட்டுக்கொண்டே போனேன். ஒரு ஊர் முக்கில் ஐந்தாறு பெரியவர்கள் துண்டும் கையுமாக வழிமறித்தார்கள்.

"எந்த ஊருல? தவறுனது யாருய்யா?" என்று ஒருவர் கேட்டார்.

அய்யா நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எம் மகனோட புத்திதான். அது போயி அஞ்சு மாசமாச்சு."

பாதி வழியில், ஆளில்லாத பொட்டலில், கடைசியாக ஒரு பெரிய வெடி வெடித்து எஞ்சின் நின்றுவிட்டது. எத்தனை சுற்றியும் ஹாண்டில் என் கையைத்தான் திருப்பி அடித்தது. ராவுத்தர் தன்மையான மனிதர்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி, நாங்க எறங்கிக்கிறோம். அம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கடைசி நேரக் கலிமா சொல்ல ஆரம்பிச்சிருச்சு" என்றார்.

பின்னால் காதர் பாயின் பஸ் வந்தது. கூட்டத்தில் பிதுங்கிக்கொண்டிருந்த பஸ்ஸில் மூவரையும் ஏற்றிக்கொண்டு, காதர் பாய் இறங்கி வந்து பானெட்டுக்குள் பார்த்தார். வாயைத் திறந்தார். அய்யாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கண்டக்டர் விசில் கொடுக்கவும் ஓடிப்போய் ஏறிவிட்டார். வெயிலில் நானும் அய்யாவும் மட்டும் நின்றோம். சித்திரைக்கு ஒன்றரை மாதம்கூட இல்லை. கரம்பாகக் கிடக்கப் போகிற எங்கள் காடுதான் என் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தது.

அப்போது வாலிநோக்கம் பக்கமிருந்து ஒரு உப்பு வண்டி வந்தது. இழுத்து வந்தவை மயிலையும் செவலையும். மெலிந்திருந்தன, கழுத்தில் புதுக் காய்ப்பு. அய்யாவைப் பார்த்ததும் நின்றவைதான், வண்டிக்காரன் என்ன அதட்டியும் ஓரடி நகரவில்லை. கம்பை ஓங்கியவன், அய்யா பார்த்த பார்வையில் கையைக் கீழே போட்டான். பிறகு அவனே வண்டியை ஓரங்கட்டி, மாடுகளை அவிழ்த்து, காரின் முன்னால் கட்டினான்.

வந்த வழியே திரும்பினோம். எஞ்சின் ஓடாத காருக்கு ஸ்டீரிங் பிடித்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். அய்யா மாடுகளோடு நடந்து வந்தார். ஊர் முக்கில் துண்டுக்காரப் பெரியவர்கள் இன்னும் கலையவில்லை. காலையில் வேட்டுச் சத்தம் கேட்டுக் கிளம்பியவர்கள் இப்போதுதான் பிணத்தைப் பார்த்தார்கள். மரியாதையாக எழுந்து நின்று வழிவிட்டார்கள். அந்த நிமிஷம் பூமி பிளந்து காரோடு என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

வீடு வந்ததும் மாடுகள் யாரும் ஓட்டாமலே கொட்டிலுக்குள் போய்த் தங்கள் இடத்தில் நின்றுகொண்டன. அய்யா வைக்கோல் போட்டார். மயிலையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சாயங்காலம் வண்டிக்காரன் ஓட்டிக்கொண்டு போனபோது அவர் வெளியே வரவில்லை. நானும் அன்று சாப்பிடவில்லை. (இந்தத் தடவை நிஜமாகவே.)

இரண்டு நாள் கழித்துக் காதர் பாய் வந்தார். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வெகுநேரம் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். "அந்த மூடி மேல இருக்குற சந்தனத்தை எடுத்துருங்க. ஈரச் சந்தனத்துல கரண்டு வழிஞ்சு தப்பான பிளக்குக்குப் போகுது. அதான் வெடிக்குது. மத்தியானம் காஞ்சு போனா ஓடுது."

எல்லோரும் கொட்டிலுக்குப் போய்ப் பானெட்டைத் தூக்கினோம்.

"இதை அன்னைக்கே சொன்னா என்ன பாய்?" என்று கத்தினேன்.

"நல்லா இருக்கே! ஒங்க சாமி சந்தனத்தை வழிச்சுப் போடுன்னு நான் எந்த வாயால தம்பி சொல்றது? எல்லாத்தையும் தொடைங்கன்னு ரெண்டு தரம் சொன்னேன். நாங்களும் சந்தனம் பூசுற ஆளுகதான். ஆனா எஞ்சினுக்குப் பூச மாட்டோம்."

அம்மா வெண்கலத் தட்டை ஏந்தி, ஒரு கரண்டிக் காம்பால் சந்தனத்தைப் பக்குவமாகச் சுரண்டி எடுத்தாள். இரண்டு மாதப் பக்தி, அடுக்கடுக்காக ஒரு விரற்கடைக் கனம் வந்தது. "ஏலே, நான் ஒரு பொட்டுத்தானே வைக்கச் சொன்னேன்?" என்றாள்.

அய்யா முதல்முறையாகப் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "முறைத் தண்ணி மடை ஒடைஞ்சு அடுத்தவன் வயலுக்குப் பாஞ்சிருக்கு. அப்படித்தான காதரு?" என்று கேட்டார். காதர் பாய் தலையாட்டினார். இரண்டு மாதமாக எனக்குப் புரியாதது அவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

மூடியைத் துணியால் துடைத்துக் காயவைத்து மாட்டி, ஹாண்டிலை அரைச் சுற்றுச் சுற்றினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. வெடி இல்லை, இருமல் இல்லை. பூனை உறுமுவதுபோல் அப்படி ஒரு மெல்லிய சத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அய்யா அதே வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். "என்னைய வாலிநோக்கம் வரைக்கும் கூட்டிட்டுப் போலே" என்றார். காண்ட்ராக்டர் முன்னால் மகன் ஓட்டும் காரில் போய் இறங்கிப் பெருமையடிக்கப் போகிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பனியிலும் உப்புக் காற்றிலும் கார் வழுக்கிக்கொண்டு போனது. துண்டுக்காரப் பெரியவர்களைப் பார்த்து ஹாரன் அடித்தேன். உப்பளத்தில் காரை நிறுத்தியதும் அய்யா இறங்கி, காண்ட்ராக்டரிடம் நேரே போனார்.

"ஒங்க காரு. ஓடுது. எம் மாட்டைக் குடுங்க" என்றார்.

காண்ட்ராக்டருக்குக் கசக்குமா? செத்த காரைக் கொடுத்தவருக்கு உயிருள்ள கார் வருகிறது. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சரி என்றார். நான் வாயைத் திறந்தேன். மயிலையின் கழுத்துக் காய்ப்பை அய்யா தடவிக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

அவ்வளவு தூரமும் நடந்தே திரும்பினோம். செவலையின் கயிறு என் கையில். பாதி வழி தாண்டியதும் அய்யா என்னைப் பார்க்காமலே, "நல்லாத்தாம்லே ஓட்டுன" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் காரைப் பற்றிப் பேசவே இல்லை. சித்திரையில் நான்தான் உழுதேன். காண்ட்ராக்டரின் டிரைவர் பல வருஷம் அந்தக் காரை எங்கள் காட்டு வழியாக ஓட்டிப் போவான். ஏர் பிடித்து நிற்கிற என்னைப் பார்த்து ஹாரன் அடிப்பான். ஒருநாள்கூட அது வெடித்ததில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இருபது வருஷம் கழித்து அய்யாவை ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, துடிப்பு முறை தப்பி அடிக்கிறது, எதனால் என்று பிடிபடவில்லை என்றார். அய்யா என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி ஜாடை காட்டினார். ஏதோ முக்கியமான சொல் என்று குனிந்தேன்.

"ஏலே, மேல சந்தனம் எதும் இருக்கான்னு பாக்கச் சொல்லு."

வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்துவிட்டேன். நர்ஸ் என்னை வெளியே அனுப்பினாள். வெளியே போய்ச் சுவரோடு ஒட்டி நின்றபோது சிரிப்பு நின்றுவிட்டது. அய்யா அந்த வாரமே போய்விட்டார். ஊர் முறைப்படி வேட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஊரில் பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சொன்னது எப்படியோ வீடு முழுக்கப் பரவிவிட்டது. ரேடியோ கரகரத்தாலும், மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டாலும், மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் இருமினாலும் யாராவது ஒருவர் அதைத்தான் கேட்கிறார்கள். போன வாரம் மிக்சி நின்றபோது பேத்தி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளேயிருந்து கேட்டாள், "தாத்தா, நீங்க எதும் சந்தனம் பூசலையே?" இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை.